எஞ்சினுக்குள் கிடந்த சாரத்துண்டு

அண்ணை, எங்கள் எஞ்சினை எரித்தது நீங்கள். நான் இல்லை.

நானாட்டானில் எங்கள் உழவு மெசினை அப்பாவின் காலத்திலிருந்தே திருத்துகிறவர் நீங்கள். தமிழ்நாட்டு அகதி முகாமிலிருந்து நாங்கள் திரும்பி வந்தபோது கையால் பிடித்து ஓட்டும் அந்த இரண்டு சில்லு மெசின் பற்றைக்குள் துருப்பிடித்துக் கிடந்தது. அதை மறுபடி இயங்க வைத்ததும் நீங்கள்தான். அதை நான் மறக்கவில்லை. அப்பா செத்த பிறகு நான்தான் ஓட்டுகிறேன். எங்கள் வயலையும் உழுது, கூலிக்கு மற்றவர்களின் வயலையும் உழுதுதான் வீட்டில் உலை வைக்கிறேன்.

போன காலபோக நெல் விதைப்புக்கு முன் எஞ்சினைப் பிரித்துப் பூட்டித் தந்தீர்கள். மழை விழுந்து உழவு தொடங்கிய கிழமையே அது வயலுக்கு நடுவில் கிறீச்சென்று கத்தி இறுகி நின்றது. நீங்கள் வந்து கைப்பிடியைப் போட்டு எஞ்சினைச் சுற்றப் பார்த்தீர்கள். சுற்றவில்லை.

"ஒயில் இல்லாம ஓடியிருக்கிறா" என்றீர்கள்.

அதோடு விட்டிருக்கலாம். கமக்காரர் கூட்டத்தில், ஊர் விவசாயிகள் எல்லாருக்கும் முன்னால், கதிரையில் சாய்ந்துகொண்டு சொன்னீர்கள்: "பொம்பிளையள் எஞ்சினுக்குத் தண்ணி விடுவினம். ஒயில் விட மறந்திடுவினம்."

கூட்டம் சிரித்தது. பிறகு, மெசினைத் திருத்திக்கொண்டு வந்து உழுகிறேன் என்று யாரிடம் போனாலும் ஒரே பதில்தான். "வேற மெசின் பிடிச்சிட்டம், தங்கச்சி."

நான் ஒயில் விட்டேன். காலையில் அளவுகோலை இழுத்துப் பார்க்காமல் ஒருநாளும் எஞ்சினைத் தொட்டதில்லை. அதனால்தான் ஸ்பானரை எடுத்தேன்.

"உனக்கு உதுக்குள்ள என்ன தெரியும்?" என்றார் என் மனுசன்.

"ஒண்டும் தெரியாது. அதுதான் கழட்டிறன்."

அடியில் இருந்த ஆணியைக் கழற்றியதும் ஒயில் வாளியில் கொட்டியது. துளி குறையவில்லை. மூடியைத் திறந்தால் உள்ளே பெயாரிங் கருகிக் கிடந்தது. கிணற்றுக்குள் கிடந்தவன் தாகத்தில் செத்த மாதிரி.

இவ்வளவு ஒயில் கீழே இருக்க, அது மேலே ஏன் போகவில்லை? ஒயில் தானாக ஏறாது என்பது அன்றுதான் எனக்கு விளங்கியது. அடியிலிருந்து ஒரு சின்னப் பம்ப் உறிஞ்சி அனுப்ப வேண்டும். உறிஞ்சும் வாயில் தேத்தண்ணி வடி மாதிரி ஒரு வலை இருந்தது. விரலை விட்டேன். வலையை அடைத்துக்கொண்டு ஒரு துணி.

மண்ணெண்ணெயில் அலசினேன். ஆண்கள் இடுப்பில் கட்டும் சாரத்தின் நீலக் கட்டம் தெரிந்தது.

"இது அண்ணையின்ர பழைய சாரமெல்லோ" என்றார் மனுசன்.

எஞ்சினைப் பிரித்தால் மண் போகாமல் ஓட்டைகளில் துணி அடைப்பது உங்கள் வழக்கம். பூட்டும்போது ஒன்றை எடுக்கவில்லை.

துணியோடு உங்கள் கொட்டிலுக்கு வந்தேன். முகத்துக்குக் கிட்டப் பிடித்தீர்கள். பிறகு விரலால் தேய்த்துப் பார்த்தீர்கள்.

"ஊரில எல்லாரும் சாரம்தானே கட்டினம், பிள்ளை."

"ஓம் அண்ணை. எல்லாரும் அதை என்ர எஞ்சினுக்குள்ள விட்டிட்டுப் போறேல்லை."

உங்கள் கையிலிருந்து ஒரு நட்டு விழுந்தது. நிலத்தைத் தடவித்தான் எடுத்தீர்கள். உங்கள் கண் மங்கியது ஊருக்குத் தெரியும். மெசின் கொண்டு வருகிறவர்கள் நீங்கள் தேடும் ஸ்பானரை உங்கள் கையில் வைத்துவிட்டுப் பேசாமல் நிற்பார்கள், உங்கள் மனம் நோகக்கூடாது என்று. நானும் அப்படித்தான் நிற்பேன். இனியும் நிற்பேன்.

"பிழைதான்" என்றீர்கள். "பெயாரிங்கை நானே போட்டுத் தாறன். கூட்டத்தில மட்டும் கேளாதை. பிறகு ஆர் என்னட்ட மெசின் கொண்டு வருவினம்?"

"என்னட்ட ஆர் உழவு தருவினம்?"

 தேத்தண்ணி ஊற்றித் தந்தீர்கள். கோபத்தோடுதான் குடித்தேன், ஆனால் குடித்தேன்.

பெயாரிங்கை நானே மாற்றினேன். மெசின் நன்றாக ஓடுகிறது. ஆட்கள்தான் வரவில்லை. எங்கள் வாசலால் வேறு மெசின்கள் உழவுக்குப் போகின்றன.

அண்ணை, மன்னார் ஆஸ்பத்திரிக்கு உங்களை என் மெசின் இழுக்கும் பெட்டியிலேயே ஏற்றிப் போகிறேன். கண்ணைக் காட்டுவோம். கூட்டத்தில் உங்கள் கண்ணைப் பற்றி ஒரு சொல் பேச மாட்டேன். என் எஞ்சினைத் திரும்பவும் உங்களிடம்தான் கொண்டு வருவேன், பூட்டும்போது துணிகளை நான் எடுப்பேன். ஆனால் என் பெயரைக் கெடுத்தது கூட்டத்தில். பதிலும் அங்கேதான் வேண்டும்.

அடுத்த கமக்காரர் கூட்டத்தில் அந்தத் துணியை மேசையில் வைப்பேன். கதிரையை விட்டு எழும்பி, அன்றைக்குச் சிரித்த எல்லாருக்கும் கேட்கச் சொல்லுங்கள்: அந்த எஞ்சின் ஏன் எரிந்தது?