வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தவர்

எங்கள் அப்பா தஞ்சாவூர்ப் பக்கம் பிறந்தவர். தாய் தகப்பன் இல்லாமல், சித்தப்பா கையைப் பிடித்துக்கொண்டு கப்பலேறிப் பினாங்கில் இறங்கினார். அங்கிருந்து லகாட்டுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டம். முதலில் மரம் சீவினார். பிறகு ஆலைக்குள் எடுத்துக்கொண்டார்கள். ஆலை என்று எழுதுகிறேனே தவிர, நாங்கள் ஸ்டோர் என்றுதான் சொல்வோம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் அங்கே அப்பாவுக்கு என்ன வேலை என்றால், புகையில் காய்ந்து வரும் ரப்பர் ஷீட்டை ஒவ்வொன்றாக ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்ப்பது. கொப்புளமோ அழுக்கோ இருந்தால் கழித்துப் போடவேண்டும். படிப்பில்லாதவர்தான். ஆனால் அவர் நல்லது என்று வைத்த ஷீட்டைத் துரை மறுபடி புரட்டிப் பார்த்ததில்லை. இதை நான் பெருமைக்குத்தான் எழுதுகிறேன்.

புகை வீட்டில் தீ பார்த்தவர் அம்மாவின் தம்பி, என் தாய்மாமா. தீ ஏறினால் ஷீட்டு கொப்புளிக்கும், இறங்கினால் காயாது. ஒரு மழை மாதத்தில் ஈர விறகோடு மல்லுக்கட்டி அலுத்துப்போய், சீக்கிரம் காயட்டும் என்று மாமா தீயை ஏற்றிவிட்டார். ஒரு அறை ஷீட்டும் கொப்புளம். அப்பா அத்தனையையும் கழித்தார். துரை மாமாவை மரம் சீவ அனுப்பிவிட்டார்.

எனக்குக் காது குத்த நாள் பார்த்திருந்த சமயம் அது. தாய்மாமன் மடியில் வைத்துத்தானே குத்தவேண்டும்? மாமா, லயத்து வரிசை வீடுகள் அத்தனைக்கும் கேட்கச் சொன்னார்: "என் வேலையக் கெடுத்த ஆளு வீட்டுப் படி மிதிக்க மாட்டேன். வேற மடி பாத்துக்கச் சொல்லு."

அம்மா அழுதார். "ஏங்க, ஷீட்டுக்காகவா ஒறவ அறுக்குறீங்க?"

"நான் ஒறவ அறுக்கல. கெட்டதக் கெட்டதுன்னேன்."

அப்பாவைக் கப்பலில் கூட்டி வந்த சித்தப்பா தாத்தா, தன் மடியில் வைத்துக் குத்திவிடலாம் என்றார். அப்பா ஒப்பவில்லை. "தாய்மாமன் உசுரோட இருக்கையில இன்னொருத்தர் மடி எதுக்கு? அவன் வரட்டும்."

மாமா வரவில்லை. எட்டு வயது வரை எனக்கு வெறுங்காது. குழாயடியில் "மூளிக்காதி வாராடி" என்பார்கள். நான் அழுதுகொண்டு போனால் அப்பா, "வருவான், பொறு" என்பார். அவ்வளவுதான்.

பிறகு புகை வீட்டுக்குப் புதிதாக வந்தவர் மலேரியாவில் படுத்துவிட்டார். துரை ஆள் கேட்க, அப்பா மாமா பேரைச் சொன்னார். கணக்கெழுதும் கிராணி சிரித்தாராம்.

"நீதானய்யா அவன வெரட்டுன?"

"அன்னிக்கி ஷீட்டு கெட்டிருந்துச்சு, சொன்னேன். தீ பாக்க அவன விட்டா ஆளு இல்ல. அதையும் சொல்றேன்."

மூன்று சாயங்காலம் அப்பா மாமா வீட்டுக்கு நடந்தார். மாமா முகம் கொடுக்கவில்லை. நாலாம் நாள், என்னையும் கூட்டிப் போயிருந்தார், மாமா வாய் திறந்தார்.

"மறுபடியும் கழிப்பியா மச்சான்?"

"கெட்டா கழிப்பேன்."

"ஒரு பேச்சுக்காவது மாட்டேன்னு சொல்றியா பாரு" என்று சொல்லி மாமா சிரித்துவிட்டார். மறுநாள் வேலைக்குப் போனார்.

மாமா புகை போட்ட முதல் ஷீட்டு வந்தபோது ஸ்டோரே வேடிக்கை பார்த்ததாம். அப்பா இரண்டைக் கழித்தார். மாமா மீதியை வாங்கி, தானே வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, இன்னொன்றை உருவிப் போட்டார். "ஒனக்குக் கண்ணு மங்கிப்போச்சு மச்சான். மூணு."

அந்தத் தை மாதம் எனக்குக் காது குத்தினார்கள். மாமா மடியில் உட்கார்ந்தால் என் கால் தரையில் இடித்தது. "நல்லவேளை, கல்யாணத்துக்கு முந்தியாச்சும் கூப்புட்டீங்க" என்றார் மாமா.

அப்பா தொண்ணூறு வயதைத் தாண்டித்தான் போனார். மாமா முன்னாலேயே போய்விட்டார். கடைசி மூன்று மாதம் ஈப்போ வீட்டில் அப்பாவைத் தூக்கிக் குளிப்பாட்டியதும், அவருக்குக் கோடித்துணி போர்த்தியதும் மாமாவின் பிள்ளைகள். அவர்களுக்கும், சோறு ஆக்கிக் கொடுத்த அண்டை வீட்டாருக்கும், தெலுக் இந்தானிலிருந்து வந்த சொந்தங்களுக்கும் எங்கள் கும்பிடு. இன்றைய கருமாதிக் காரியத்தில் ஏதும் குறை கண்டிருந்தால் எங்கள் முகத்துக்கு நேரே சொல்லுங்கள். சொல்லிவிட்டு, சாப்பிட்டுப் போங்கள்.