ஒரே முகூர்த்தம்

அவிநாசி சாலையில் ஒரு கல்யாண மண்டபம். பந்திக்குக் காத்திருந்தபோது அவர் எனக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்தார். வெள்ளை வேட்டி, விரலுக்கொரு மோதிரம், கையில் சுழன்றுகொண்டே இருந்த புதுக் கார் சாவி. கண்ணில் படுவதற்கெல்லாம் வாடகை சொல்வது அவர் வழக்கம் போலும். மேடையின் பூ வளைவு, சரவிளக்கு, நாங்கள் உட்கார்ந்திருந்த நாற்காலியின் உறை வரை எதையும் விடவில்லை.

"கல்யாணத்துல மிச்சம் பண்றது எப்பிடின்னு எங்கிட்டக் கேக்கோணுமுங்க. ரெண்டு புள்ளைக்கும் ஒரே முகூர்த்தத்துல முடிச்சுப்போட்டேன். ஒரே மண்டபம், ஒரே சமையல், ஒரே பத்திரிகை."

"ரெண்டு பேருமே படிப்ப முடிச்சிருந்தாங்களா?"

"பெரியவ முடிச்சுட்டாளுங்க. சின்னவளுக்கு இன்னும் ஒரு வருசம் இருந்துச்சு. அழுதா. அதுக்காக மறுக்கா ஒரு மண்டபம் புடிக்க முடியுமுங்களா?"

பரிசு வாங்கியவர் மாதிரி சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சின்னப் பொண்ணு என்னங்க படிச்சுட்டு இருந்துச்சு?"

சாவி நின்றது. அண்ணாந்து சரவிளக்கைப் பார்த்தார்.

"என்னமோ... கம்ப்யூட்டருங்களோ, கெமிஸ்ட்ரியோ. அவங்கம்மாவுக்குத்தான் தெரியுமுங்க."

அதற்குள் பந்திக்குக் கூப்பிட்டார்கள். முதல் ஆளாக எழுந்தவர் என் பக்கம் குனிந்தார்.

"எலை ஒண்ணுக்கு எவ்வளவு ஆயிருக்கும்னு சொல்லட்டுங்களா?"

சொல்லியும் விட்டார். நல்லவேளை, அந்தப் பெண்ணின் பெயரை நான் கேட்கவில்லை. அதற்கும் அண்ணாந்து பார்த்திருப்பார்.