மூன்றாம் அடுக்கின் ஒட்டு

தொலைநோக்கியை ஏற்றிய லாரி வாசலைவிட்டுக் கிளம்பிய திங்கட்கிழமை நல்ல மழை. அதை உருவாக்கிய கூடத்தில் வேலை பார்த்தவர்கள் எல்லாரும் வழியனுப்ப வரிசையாக நின்றார்கள். அவள் புருஷன் மட்டும் கிடங்கின் கூரைக்கடியில் ஒதுங்கி நின்றான்.

"நீங்களும் அங்க வந்து நில்லுங்களேன்," என்றாள்.

"எதுக்கு? இன்னொண்ணு கிழிக்கவா?" என்று சிரித்தான். சிரிப்பு உதட்டைத் தாண்டவில்லை.

லாரியோடு ஏவுதளத்துக்குப் போகும் இன்ஜினியர் பெண்ணை எல்லாரும் சிட்டு என்றுதான் கூப்பிடுவார்கள். ஓரிடத்தில் நிற்கமாட்டாள். அவள் மழையில் ஓடிவந்து, "உடம்பைப் பார்த்துக்கோங்கண்ணே," என்று சொல்லிவிட்டு ஓடினாள். லாரி திருப்பத்தில் மறைந்தது.

புருஷன் பெண்டாட்டி இருவரும் முன்பு குடைத் தொழிற்சாலையில் எதிரெதிர் மேசை. விண்வெளியில் அந்தத் தொலைநோக்கிக்கு வெயில் படாமல் மறைக்க ஐந்து அடுக்கில் பெரிய திரை செய்ய வேண்டும், கைப்பதம் உள்ளவர்கள் தேவை என்று ஆள் தேடியபோது இருவரையும் எடுத்துக்கொண்டார்கள். "இவ்வளவு நாள் மழைக்குக் குடை, இனி வெயிலுக்கு," என்று அவன் ஊரெல்லாம் பீற்றிக்கொண்டான். திரையின் தாள் தலைமுடியைவிட மெல்லிசு. அதை அலுங்காமல் மடித்த அவனுக்குப் பஞ்சுக்கை என்று பட்டம் வந்தது.

இதற்கு ஏன் இத்தனை மறைப்பு என்று அவள் ஒருநாள் கேட்டதற்குச் சிட்டுதான் விளக்கினாள். "முதன்முதலா எரிஞ்ச நட்சத்திரத்தோட வெளிச்சம் இன்னும் வந்துக்கிட்டே இருக்கு அண்ணி. வர்ற வழியில இழுபட்டு இழுபட்டு, கண்ணுக்குத் தெரியாத வெதுவெதுப்பா மாறிடும். அதைப் பிடிக்கிற கண்ணே சூடா இருந்தா?"

"காய்ச்சல்காரன் அடுத்தவன் நெத்தியைத் தொட்டுப் பார்த்த கதைதான்."

"அதேதான்!"

கூடத்தில் ஒரு விதி உண்டு. தாளில் கை வைக்கிறவர் முதலில் "தொடுறேன்" என்று சொல்ல வேண்டும். எதிரில் நிற்பவர் அவருடைய கையுறை, சட்டை விளிம்பு எல்லாம் பார்த்து "பார்த்தாச்சு" என்ற பிறகுதான் கை தாளில் படலாம். சொல்லிச் சொல்லி வாய்க்குள் தேய்ந்துபோன சொற்கள். வீட்டில் சோற்றுச் சட்டியைத் தூக்கும்போதுகூட அவன் "தொடுறேன்" என்பான். அவள் திரும்பாமலே "பார்த்தாச்சு" என்பாள். அந்தத் திரும்பாத பழக்கம் கூடத்துக்குள்ளும் வந்துவிட்டது.

மூன்றாம் அடுக்கை மடித்த அன்று அவன் "தொடுறேன்" என்றான். வேறெதையோ சரிசெய்துகொண்டிருந்தவள் நிமிராமல் பதில் சொன்னாள். அவன் கையுறையின் பட்டை அவிழ்ந்து தொங்கியிருந்தது. அது மூலையில் மாட்டி இழுத்தது. கிழிந்த சத்தம்கூடக் கேட்கவில்லை.

புதுத் தாள் செய்ய அவகாசமில்லை. அவனையே ஒட்டுப்போடச் சொன்னார்கள். பிறகு விசாரணை.

"பட்டையை யார் பார்த்தது?" என்றார் மேலாளர்.

அவள் வாயைத் திறந்தாள்.

"அவ சொல்றதுக்கு முன்னாடியே கை வச்சுட்டேன் சார்," என்றான் அவன்.

வெளியே வந்ததும் அவள் அழுதாள். "நான் போய் உள்ளதைச் சொல்லிடுறேன்."

"சும்மா கிட. ரெண்டு பேரும் வெளியே நின்னா அடுப்பு எரியுமா? ஒட்டு தாங்கினா சொல்றதுக்கே ஒண்ணுமில்ல."

அவனைக் கிடங்குக்கு மாற்றினார்கள். "பஞ்சுக்கை இல்லப்பா, கத்திரிக்கை," என்று பையன்கள் அவன் காதுபடவே பேசினார்கள். அவனும் கூடவே சிரித்தான். வீட்டில் வந்து சுவரைப் பார்த்துப் படுத்தான். "ஒட்டு விட்டுச்சுன்னா அது குருடு. ஊரு சனமெல்லாம் பாடுபட்டது என்னால பாழ்," என்பான். "நம்மால" என்று அவள் திருத்துவாள். அவன் காதில் வாங்கமாட்டான்.

ராக்கெட் ஏவுவதைத் தள்ளித் தள்ளி வைத்தார்கள். அவனுடைய கல்லீரல் நோய் எதையும் தள்ளிவைக்கவில்லை. ஆஸ்பத்திரியில் நினைவு தப்பித் தப்பி வந்தபோது, "மேல போயிடுச்சா?" என்று டாக்டரிடம் கேட்டான்.

"இல்லப்பா, காய்ச்சல் இறங்கிடுச்சு," என்றார் அவர்.

மறுநாள் போய்ச் சேர்ந்தான். தொலைநோக்கி அப்போதும் தரையில்தான் இருந்தது.

துக்கத்துக்கு வந்த மேலாளர், "தங்கமான மனுஷன். ஒரு கிழிசல்ல பேரைக் கெடுத்துக்கிட்டாரு," என்று பெருமூச்சு விட்டார். அவள் பிணத்தின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். வந்ததற்கு நன்றி என்று மட்டும் சொன்னாள்.

அவள் வேலைக்குப் போவதை நிறுத்தவில்லை. ராக்கெட் கிளம்பியதை எல்லாரும் கூடிப் பார்த்த நாளில் தலைவலி என்று வீட்டிலேயே இருந்துவிட்டாள். திரை விரிந்ததா, மூலை தாங்கியதா, யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் குரல் காட்டிக்கொடுத்துவிடும்.

கரண்டு பில் சேதி அவன் போனுக்குத்தான் வரும் என்பதால் அதை உயிரோடு வைத்திருந்தாள். மாதங்கள் பல கழித்து, துணி உலர்த்திக்கொண்டிருந்த ஒரு மத்தியானம் அது அதிர்ந்தது. ஈரக்கையைத் துடைத்துவிட்டு எடுத்தாள். அனுப்பியது சிட்டு.

"அண்ணே, லாரியோட வந்தவ இன்னும் ஊர் திரும்பல. எப்படி இருக்கீங்க? உங்க ஒட்டு தாங்கிருச்சு. கண்ணு நல்லாக் குளிர்ந்திருக்கு. இன்னிக்கு ரொம்பப் பழைய வெளிச்சம் ஒண்ணு கிடைச்சுது, கம்ப்யூட்டர் திரையில ஒரு சிவப்புப் புள்ளி, அவ்வளவுதான். உங்களைக் கிடங்குக்கு மாத்தினது தப்புன்னு மேலாளருக்கு எழுதப்போறேன். மறுபடி கூடத்துக்கு வாங்க. அண்ணிகிட்டயும் சொல்லிடுங்க."