எலிகளுக்குக் கரைந்த கட்டி

சல்லி என்ற ஊரின் கடற்கரையில் போட் எஞ்சின் திருத்தும் ஆனந்தராசா, மகள் கீர்த்தனியைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினால் நிறுத்தமாட்டார். மெல்பேணில் ஓர் ஆய்வுகூடத்தில் அவள் புற்றுநோய்க்கு மருந்து கண்டுபிடிக்கிறாள் என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொல்லுவார். கீர்த்தனி அப்படிச் சொன்னதில்லை. உடம்பில் யாரும் பழக்காமலே முதலில் ஓடிவந்து நோயோடு சண்டைபிடிக்கிற காவல் உயிர்க்கலங்கள் இருக்கின்றன. புற்றுக்கட்டி அவற்றை மயக்கிப்போடும். கண்ணுக்குத் தெரியாத துணுக்குகளைச் செய்து கட்டிக்குள் அனுப்பி, அந்தக் கலங்களை உசுப்பிவிடப் பார்க்கிறோம் என்றுதான் விளக்கியிருந்தாள்.

பிறகு அவர் மனைவி புஸ்பராணிக்கு நாக்கில் ஆறாத புண் வந்தது. புற்றுநோய்தான். பாதி நாக்கை வெட்டினார்கள், கதிர்ச் சிகிச்சையும் கொடுத்தார்கள். அடுத்த வருடம் கழுத்தில் கட்டி திரும்பி வந்தது. இனி நோவைக் குறைக்கத்தான் ஏலும் என்று டொக்டர் சொன்னதும், ஆனந்தராசா ஆஸ்பத்திரி வாசலில் நின்றே மகளுக்குப் போன் எடுத்தார்.

"பிள்ளை, நீ செய்யிற மருந்தில கொஞ்சம் கொண்டா."

"அது மருந்தில்லையப்பா. எலியளுக்குத்தான் குடுத்துப் பாக்கிறம்."

"எலியளுக்குச் சுகம் வந்ததெண்டு நீதானே சொன்னனீ?"

"சிலதுக்குக் கட்டி கரைஞ்சது. சிலது நடுங்கி நடுங்கிச் செத்துப்போச்சு. உசுப்பிவிட்ட கலங்களை எங்க நிப்பாட்டுறதெண்டு எங்களுக்கு இன்னும் தெரியாது. மனுசருக்குக் குடுக்க வருசக்கணக்காகும்."

"கொம்மாவுக்கு வருசம் இல்லை."

அந்தப் பக்கம் அழுகைதான் கேட்டது.

தாயைப் பார்க்கக் கீர்த்தனி வீட்டுக்கு வந்துசேர்ந்தாள். அவள் முகம் கழுவப் போன இடைவெளியில் ஆனந்தராசா அவளுடைய பையைத் திறந்து, உடுப்புகளுக்குள் கைவிட்டுத் துழாவினார். தாய்க்கு வாங்கிய மெல்லிய சால்வை ஒன்று கிடந்தது. வேறு ஒன்றும் இல்லை. கீர்த்தனி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உலகத்துக்கெல்லாம் மருந்து செய்யிறாய். பெத்தவளுக்கு மட்டும் இல்லை, என்ன?"

கட்டிலில் கிடந்த புஸ்பராணிதான் குழறினாள்.

"அவளை ஏசாதேங்கோ. அவளின்ர கையால எனக்கு ஏதும் நடந்தா, பிறகு அவள் எப்பிடியப்பா இருப்பாள்?"

அதைச் சொல்லி முடிக்க அவளுக்கு வெகுநேரம் பிடித்தது. ஆனந்தராசாவுக்கு விளங்கியது. விளங்கியும் கோபம் ஆறவில்லை. வெளியே போய்க் கழற்றிப்போட்ட எஞ்சினுக்கு முன்னால் குந்தினார். எந்தத் திருகுசாவியை எடுப்பதென்று தெரியாமல் வெறுங்கையோடு இருந்தார்.

மேற்கிலிருந்து வறண்ட கச்சான் காற்று அடிக்கத் தொடங்கிய நாட்களில் புஸ்பராணிக்குத் தண்ணீரும் இறங்கவில்லை. கீர்த்தனி பஞ்சை நனைத்து நனைத்து உதட்டில் ஒற்றினாள். ஒரு விடியற்காலையில் அந்த உதடு அசையாமல் போயிற்று.

முப்பத்தோராம் நாள் சடங்கு முடிய மகளைக் கொழும்பு பஸ்ஸில் ஏற்றிவிட ஆனந்தராசா போனார். பஸ் புறப்படப்போகும் நேரத்தில் அவள், "எங்கட வேலை ஒருநாள் சரிவருமப்பா" என்றாள், கெஞ்சுவது போல.

"வரட்டும். வேற ஆக்களின்ர பிள்ளையளுக்குத் தாய்மார் மிஞ்சட்டும்" என்றார் அவர். "ஆனா சரிவந்தா எனக்குச் சொல்லாதை பிள்ளை. என்னால கேக்க ஏலாது."

இப்போதும் அவள் ஞாயிற்றுக்கிழமைகளில் போன் எடுக்கிறாள். சாப்பிட்டாயா என்று கேட்பார், மழை பெய்ததைச் சொல்லுவார். அவள் வேலையைப் பற்றி அவரும் கேட்பதில்லை, அவளும் சொல்வதில்லை.