சிக்னல் கிடைக்கும் வளைவு

மேல்மலையில் எங்கள் ஊருக்கு டவர் கிடையாது. பூண்டு மூட்டைகளோடு எங்களையும் கொடைக்கானலுக்கு ஏற்றிச்செல்லும் ஜீப் டிரைவர், சிக்னல் கிடைக்கும் முதல் வளைவில் தினமும் வண்டியை நிறுத்திவிடுவார். காதை மூடிய குல்லா, மூக்கு நுனியில் கண்ணாடி. ஒற்றை விரலால் தட்டித் தட்டி, முகம் தெரியாத ஓர் ஆளோடு போனில் சண்டை போடுவார். கட்சி, சாமி, ஏஐ வந்தால் வேலை போகுமா, எல்லாவற்றுக்கும் சண்டைதான்.

அன்று எதுவும் தட்டாமல் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வெரசா எடுங்கண்ணே, மார்க்கெட் முடிஞ்சிரும்" என்றேன்.

"மூணு நாளா அந்தாளு என்னையத் திட்டவே இல்லங்க. உடம்புக்கு முடியலையோ என்னமோ."

"கேட்டுப் பாருங்களேன்."

"அந்தக் கட்சிக்காரர்ட்டப் போயி நல்லாருக்கீங்களான்னு எப்படிங்க கேக்குறது?"

யோசித்தார். அந்த ஆளின் தலைவரைக் கிண்டல் செய்து ஒரு வரி அனுப்பினார். காத்திருந்தோம். பதில் வந்தது, படிக்கவே கூசும் வசவு.

"ஆளு நல்லாத்தேன் இருக்காரு" என்று சிரித்தபடி வண்டியைக் கிளப்பினார்.

தேர்தல் சமயத்தில் நான் பிளாக் செய்த என் மச்சான் நினைவுக்கு வந்தார். அவர் எப்படி இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது.