ஐஸ் பெட்டியில் மூன்று ஊசிகள்

கண்டி கிளினிக்குக்குப் புறப்படும் காலைகளில் எனக்கு இருப்புக்கொள்ளாது. புசல்லாவையில் பஸ் ஐந்து நிமிடம் பிந்தினாலும் தம்பியைத்தான் திட்டுவேன். அவன் என்ன செய்வான், பாவம். நாலு எட்டு வைப்பதற்குள் மூச்சு வாங்குகிறவன்.

இரத்தம் ஊறச் சொல்லி எலும்பு மச்சைக்கு ஏவல் அனுப்பும் ஹோர்மோன் சிறுநீரகத்தில்தான் சுரக்கிறதாம். தம்பிக்கு இரண்டும் கெட்டுவிட்டதால் அதை வாரம் ஓர் ஊசியாகக் கொடுக்க வேண்டும். என் சிறுநீரகம் ஒன்றை அவனுக்கு வைக்கும்வரை இரத்தம் ஏற்றாமல் சமாளிக்கப் பார்ப்போம் என்றார் டொக்டர். பிறர் இரத்தம் ஏறினால், பிறகு என் சிறுநீரகத்தை அவன் உடம்பு ஏற்காமல் போகலாம்.

ஊசிகளைத் தந்த நர்ஸ் மிஸ் சிங்களத்தில் நிறையச் சொன்னார். என் சிங்களம் சந்தைக்குக் காணும், வார்டுக்குக் காணாது. விளங்கவில்லை என்று சொல்ல ரோஷம். எங்கள் ஆட்கள் எல்லோரையும்போல “ஹரி மிஸ், ஹரி மிஸ்” என்று எல்லாவற்றுக்கும் சரி சொல்லித் தலையாட்டிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினேன். குளிரில் வைக்கச் சொன்னது மட்டும் விளங்கியது. நான் வேலை செய்யும் கடையின் பிரிட்ஜில், மேலே ஐஸ் பெட்டிக்குள் மூன்றையும் வைத்தேன். குளிர் கூடினால் நல்லதுதானே என்று நினைப்பு. வாராவாரம் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்து, உள்ளங்கையில் வைத்து உருக்கி, நானே போட்டேன்.

அவன் முகம் வெளுத்துக்கொண்டே போனது. “ஒழுங்கா சாப்பிட்டாத்தானே ரத்தம் ஊறும்?” என்று சோற்றுத் தட்டோடு அவன் பின்னால் அலைந்தேன்.

அடுத்த கிளினிக்கில் இரத்த அளவு நன்றாக விழுந்திருந்தது. தமிழ் தெரிந்த ஒரு மிஸ்ஸை அழைத்துவந்தார்கள்.

“ஊசிய எங்க வச்சீங்க? ஒறஞ்சு போனா வேல செய்யாதுன்னு அன்னிக்கே சொன்னாங்களே?”

ஊருக்கே புத்தி சொல்லும் நான் தரையைப் பார்த்தேன்.

“நான்தான் மிஸ்,” என்றான் தம்பி. “அக்கா கீழ்த்தட்டுலதான் வச்சாங்க. கெட்டுப் போயிரும்னு நான்தான் எடுத்து ஐஸ் பெட்டில போட்டேன்.”

மிஸ் அவனை நன்றாக ஏசினார். அவன் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தான். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். வெட்கக்கேடு.

அன்று மாலையே அவனுக்கு இரத்தம் ஏற்றினார்கள். பொருத்தம் பார்க்க இருவரிடமும் மறுபடி இரத்தம் எடுத்திருக்கிறார்கள். முடிவு இன்னும் வரவில்லை. மிஸ்ஸிடம் நானும் இன்னும் உண்மையைச் சொல்லவில்லை. பொருந்தாமல் போனால் அந்தப் பழியையும் அவனே எடுத்துக்கொள்வான். அதை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது.