மகள் கண்ட பிறை

நான் பெருநாள் பிறையைக் கண்டேன். காணவில்லை என்று பள்ளிவாசல் முற்றத்தில் நின்று சொன்னேன். என் பக்கத்தில் நின்ற ஒன்பது வயது மகள் "கண்டேன்" என்றாள். ஊருக்கு முன்னால் அவளைப் பொய்க்காரி ஆக்கினேன்.

இதுதான் என் குற்றம். இதைவிடப் பெரிய பாவங்களைச் செய்தவர்கள் இருக்கலாம். எனக்கு இது போதும்... நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொள்ள இது ஒன்றே போதும்!

உங்களிடம் ஏன் சொல்கிறேன்? உங்களுக்கு என்னைத் தெரியாது. நாளைக்குக் கல்முனை பஸாரில் எதிரே வந்தாலும் என் முகத்தைப் பார்த்துச் சிரிக்க மாட்டீர்கள். அந்தத் துணிச்சல்தான்.

கடலோரத்து ஆட்கள் நாங்கள். ஆனால் பிறை பார்க்கக் கடலுக்குப் போய்ப் பயனில்லை. சூரியன் விழுவது சம்மாந்துறைப் பக்கம், வயலுக்குள். வீடுகள் முடிந்து வயல் தொடங்கும் இடத்தில் ஒரு வாய்க்கால் கட்டு இருக்கிறது. மின்ஹாவுக்கு ஐந்து வயதானதிலிருந்து ஒவ்வொரு மாதமும் அவளை மோட்டார் சைக்கிளின் முன்னால் இருத்தி அங்கே கொண்டு போவேன். நோன்புக்கும் பெருநாளுக்கும் ஊரே பிறை பார்க்கும். நாங்கள் இரண்டு பேரும் பன்னிரண்டு மாதமும் பார்த்தோம்.

மாரியில் மழைக்கோட்டுக்குள் ஒடுங்கிக்கொண்டு போவோம். முகிலைத் தவிர ஒன்றும் தெரியாது. அவள் முகிலோடு சண்டை பிடிப்பாள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் கண்ணுக்குள் மண் விழும். அறுவடைக் காலத்தில் வைக்கோல் தூசியில் இரண்டு பேரும் மாறி மாறித் தும்முவோம். முதன்முதலாகப் பிறையைக் கண்ட அன்று, "வாப்பா, தம்பிட நகம் வெட்டின மாதிரி கிடக்கு!" என்று கத்தினாள். அவள் தம்பி அப்போது கைக்குழந்தை. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் பிறைக்குப் பெயர் 'தம்பிட நகம்'. என் மனைவி தலையில் அடித்துக்கொள்வாள்.

அரபு மாதங்களின் பெயர்களை வாய்ப்பாடு போல ஒப்புவிப்பாள். பெருநாள் தினத்தில் நோன்பு பிடிப்பது ஹராம் என்பதையும் நான்தான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். நான்தான்... நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி என் மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் ஆண்கள் கல்யாணம் முடித்துப் பெண் வீட்டுக்குத்தான் போவோம். நான் இருப்பது மனைவியின் வளவில். அதே வளவில், அடுத்த வீட்டில் அவளுடைய வாப்பா. பள்ளிவாசலை நிர்வகிக்கும் மரைக்கார்களில் ஒருவர். நல்ல மனிதர்தான். என் ஹாட்வெயார் கடை தொடங்கக் காரணமே அவர்தான். ஆனால் அவர் செருமினால் நான் கதிரையை விட்டு எழுந்துவிடுவேன். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். தாடி நரைக்கத் தொடங்கிய பிறகும் அவருக்குப் பயந்தவன் நான்.

நான் பொய் சொன்ன அந்தப் பெருநாளுக்கு முந்திய வருடம் எங்கள் ஊரில் இரண்டு பெருநாள் நடந்தது. சில வாலிபர்கள் பிறை கண்டோம் என்றார்கள். மரைக்கார்மார் ஏற்கவில்லை. ஒரு வீட்டில் பெருநாள் வட்டிலப்பம், அடுத்த வீட்டில் நோன்பு! பள்ளிக்குள் கைகலப்பு வரை போய்விட்டது. மாமா மனம் உடைந்து போனார். அடுத்த நோன்பு தொடங்கியபோதே சாப்பாட்டில் வைத்துச் சொல்லிவிட்டார்: "இந்த முற எங்கட வளவால ஒரு குழப்பமும் வரப்படாது. சொல்லிப் போட்டன்."

இருபத்தொன்பதாம் நோன்பு வந்தது. அன்று மாலை பிறை தெரிந்தால் மறுநாள் பெருநாள், தெரியாவிட்டால் முப்பதாவது நோன்பு. வழக்கம்போல நானும் மகளும் வாய்க்கால் கட்டுக்குப் போனோம். அறுவடை முடிந்த வயல். அங்கே வேறு யாரும் இல்லை. பாங்கு கேட்டதும் மோட்டார் சைக்கிளில் இருந்தபடியே ஈத்தம்பழம் கடித்து நோன்பு திறந்தோம். மேற்கே முழுக்க முகில். பேசாமல் திரும்பியிருக்கலாமே...

"வாப்பா! அந்தா! தம்பிட நகம்!"

அவளுடைய விரல் போன வழியே பார்த்தேன். இரண்டு முகிலுக்கு இடையில் மெல்லியதாக, சரிந்து, பிறை இருந்தது. நாலைந்து மூச்சு விடும் நேரம் இருந்திருக்கும். பிறகு முகில் மூடிக்கொண்டது.

"கண்டீங்களா வாப்பா? கண்டீங்கதானே?"

ஓம் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் அந்த நேரத்துக்குள் மாமாவின் முகம் வந்து நின்றது. "வா மகள், மஃரிபு தொழுகைக்கு நேரமாகிட்டு" என்று சைக்கிளைக் கிளப்பினேன். வழி முழுக்க அவள் பாடிக்கொண்டு வந்தாள்.

பள்ளிவாசல் முற்றத்தில் ஆட்கள் கூடி நின்றார்கள். நான் சைக்கிளை நிறுத்துவதற்குள் குதித்து ஓடினாள். "மூத்தாப்பா! பிறை கண்டாச்சி! நாளைக்கிப் பெருநாள்!"

மாமா குனிந்து அவள் தலையைத் தடவினார். பிறகு என்னைப் பார்த்தார். முற்றம் முழுக்க என்னைப் பார்த்தது.

"மருமகன், சின்னப் புள்ளட சாட்சி எடுபடாது. நீங்க கண்டீங்களா?"

"இல்ல மாமா. முகில்ட ஓரம் கொஞ்சம் வெளிச்சமா இரிந்திச்சி... புள்ள அதத்தான் கண்டிரிக்கும்."

எவ்வளவு சரளமாக வந்தது அந்தப் பொய்! முன்கூட்டியே பாடம் பண்ணி வைத்திருந்தவன் போல!

"இல்ல மூத்தாப்பா, நான் கண்டன்! வாப்பா, சொல்லுங்களன்..." என் சாரத்தைப் பிடித்து இழுத்தாள். நான் குனிந்து அவளைப் பார்க்கவில்லை.

"பிறை விஷயத்துல பொய் பேசப்படாது மனே. பெரிய பாவம்" என்றார் மாமா. கடுமையாகச் சொல்லவில்லை. யாரோ சிரித்தார்கள். அவள் கை என் சாரத்தை விட்டது.

அன்று நாடு முழுக்க முகில். முப்பதாவது நோன்பையும் பிடிக்கும்படி கொழும்பிலிருந்து அறிவித்தார்கள். என் ஒரு சாட்சியால் அந்த முடிவு மாறியிருக்காது, பெருநாள் பிறைக்கு இரண்டு பேருடைய சாட்சி வேண்டும்... இப்படிச் சொல்லிச் சொல்லியே இத்தனை வருடம் என்னைத் தேற்றிக்கொண்டேன். உண்மைதான், முடிவு மாறியிருக்காது. ஆனால் ஒரு பிள்ளைக்கு அவளுடைய வாப்பா இருந்திருப்பான்!

விடியுமுன் ஸஹர் சோற்றுக்கு எழுப்பியபோது மின்ஹா மறுத்தாள். "இண்டைக்கிப் பெருநாள். நோன்பு புடிக்கப்படாது. வாப்பாதான் சொல்லித் தந்த."

"இன்னும் அந்தப் பொய்ய விடல்லயா நீ?" என்று அவளுடைய உம்மா அதட்டினாள். உம்மாவைக் குறை சொல்லாதீர்கள். அவளும் என் சொல்லைத்தான் நம்பினாள்.

மகள் என்னைப் பார்த்தாள். "நோன்பு புடி மகள்" என்றேன். சோற்றைப் பிசைந்தபடியே கொஞ்ச நேரம் இருந்தாள். பிறகு சாப்பிட்டாள். நோன்பு பிடிக்கிறேன் என்று நிய்யத்து வைக்கும்போது குரல் கேட்கவில்லை, உதடு மட்டும் அசைந்தது.

இதுவரை சொன்னதைக்கூட நீங்கள் கோழைத்தனம் என்று மன்னித்துவிடலாம். இனிச் சொல்லப்போவதைக் கேளுங்கள்.

பிறையைத் தன் கண்ணால் கண்டவன், ஊர் ஏற்காவிட்டாலும் அடுத்த நாள் நோன்பு பிடிக்கக் கூடாது. எனக்கு அது தெரியும். பகல், கடையின் ஷட்டரைப் பாதிக்கு இறக்கினேன். பின்னால் பெயின்ட் டின்கள் அடுக்கிய இடத்துக்குப் போய்த் தண்ணீர் குடித்தேன். ஒரு பிஸ்கட் தின்றேன். ஆம்... என் மார்க்கத்தை நான் காப்பாற்றிக்கொண்டேன்! மகளை வீட்டில் நோன்போடு விட்டுவிட்டு!

மாலையில் வீட்டுக்குப் போனேன். அன்று வெயில் கொளுத்தியது. அவள் உதடு வெடித்துப் பாயில் சுருண்டு கிடந்தாள். பாங்கு சொன்னதும் எழுந்து, நோன்புக் கஞ்சியை ஒரு கோப்பையில் ஊற்றி முதலில் என்னிடம் கொண்டு வந்தாள்.

"குடிங்க வாப்பா. கடைல நிண்டு களைச்சிப் போயிட்டீங்க."

வாங்கிக் குடித்தேன். களைத்தவனைப் போலக் கண்ணை மூடிக்கொண்டு குடித்தேன்.

அடுத்த நாள் ஊர் பெருநாள் கொண்டாடியது. மின்ஹா புது உடுப்பு உடுத்தாள், பெருநாள் காசு வாங்கினாள், பின்னேரம் தம்பியோடு கடற்கரைக்கும் வந்தாள். சொந்தக்காரப் பிள்ளைகள் "கள்ளப் பிறை, கள்ளப் பிறை" என்று அவளைச் சுற்றி ஓடினார்கள். நான் அவர்களை அதட்டினேன். அதட்ட எனக்கு என்ன தகுதி?

அடுத்த மாதம் சைக்கிளைக் கிளப்பிக் கூப்பிட்டேன். பாடம் இருக்கிறது என்றாள். அதற்கடுத்த மாதம் தலைவலி. பிறகு நான் கூப்பிடுவதை விட்டுவிட்டேன். தம்பியை ஒருமுறை கொண்டு போனேன். அவன் வாய்க்காலில் மீன் பார்த்துக்கொண்டிருந்தான். வானத்தை ஒருவரும் பார்க்கவில்லை.

மாமா மௌத்தாகி ஒரு வருடம் ஆகிறது. கப்றில் மண் போட்டுவிட்டுத் திரும்பும்போது எனக்கு வந்த முதல் நினைப்பு என்ன தெரியுமா? இனி மகளிடம் சொல்லலாம் என்பதுதான். சொல்லவில்லை. அப்படியானால் நான் பயந்தது மாமாவுக்கு மட்டுமா?

இந்த வருடப் பெருநாளன்று தொழுகை முடிந்து வந்து கதிரையில் இருந்தேன். பிள்ளைகள் வந்து பெற்றோரின் கையைப் பிடித்து, வருடம் முழுக்கச் செய்த பிழைகளுக்கு மாப்புக் கேட்பது எங்கள் வீட்டு வழக்கம். தம்பி வந்தான், அவசரமாகக் கேட்டான், காசை வாங்கிக்கொண்டு ஓடினான். பிறகு மின்ஹா வந்தாள். பதினான்கு வயது. என் கையைப் பிடித்தவள் விடவில்லை.

"வாப்பா... சின்னதுல நான் பிறை கண்டன் எண்டு பொய் சொன்னன்தானே. அதுக்கு நான் இன்னும் மாப்புக் கேக்கல்ல."

அவள் என் கையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

"எனக்கு இப்பவும் கண்ட மாதிரித்தான் இரிக்கி வாப்பா. ஆனா நீங்க பக்கத்துலதானே நிண்டீங்க. நீங்க காணல்ல எண்டா அது இரிந்திருக்காதுதானே. எல்லாருக்கும் முன்னால உங்கள வெக்கப்படுத்திப் போட்டன். மாப்புத் தாங்க."

அறையில் எங்கள் இருவரைத் தவிர ஒருவரும் இல்லை. பயப்பட மாமா இல்லை. ஒரே ஒரு வசனம், நீங்களும் வாசித்திருக்கிறீர்கள், இந்தப் பக்கத்தின் முதல் வரியில் அதைத்தான் எழுதியிருக்கிறேன்... அது என் நாக்கு வரை வந்தது.

"மாப்புத் தந்துட்டன் மகள்" என்றேன்.

அவள் சிரித்தாள். எத்தனையோ வருடத்துப் பாரத்தை இறக்கி வைத்தவளைப் போல என் தோளில் ஒருகணம் சாய்ந்தாள். பிறகு எழுந்து உம்மாவிடம் போனாள்.

அந்தச் சிரிப்பைக் கெடுக்க மனம் வராமல்தான் சொல்லவில்லை என்று உங்களிடம் சொல்லி முடிக்க நினைத்தேன்.

அதுவும் பொய்.